அச்சோலிப் பெண்களின் காகித மணி

பழைய பத்திரிகைத் தாள்களைக் கத்தரித்துச் சுருட்டி, பசையிட்டு, மெருகேற்றி, ஆபிரிக்கப் பழங்குடி மக்களின் ஆபரணங்களைப் போன்ற மாலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கம் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அம்மாலையைக் கழுத்தில் அணிகிறவர்களில் பலர், ஏதோ ஆதிகாலந்தொட்டு வனங்களில் வழங்கிவரும் கலையொன்றின் பிரதியைத் தாம் அணிந்திருப்பதாகவே எண்ணுகிறார்கள். ஆபிரிக்காவில் மணி மிகப் புராதனமானது. காகித மணியோ நம் காலத்தில், நீண்டதொரு யுத்தத்தில் ஊரையும் நிலத்தையும் இழந்து வந்த உகாண்டாவின் அச்சோலி ஸ்திரீகளின் கையில், வயிற்றுப்பாட்டின் நிமித்தம் தழைத்த தொழில். அதைப் புராதனம் என்று சொல்லிப் போற்றுவது, அதைச் செய்தவர்களின் துயரத்தையும் சாமர்த்தியத்தையும் ஒருங்கே மறைத்துவிடுகிறதே என்ற வருத்தம்தான் என்னை இதை எழுதத் தூண்டியது.

கிழக்கு ஆபிரிக்காவில், தீக்கோழி முட்டையின் ஓட்டைச் சில்லுகளாக உடைத்து, நடுவே துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிக் கோத்த மணிகள் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் கடல் வழியே கண்ணாடி மணி வந்து சேர்ந்தது. புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டில், உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து நறுக்கிச் செய்தார்களே, அந்த வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு மணிகள் ஆபிரிக்காவின் கீழைக் கரையிலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. அதற்கும் பிறகு வெனிஸ் நகரத்து முரானோ தீவின் உலைகளில் உருவான மணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மணிகள் அலங்காரப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. நாணயம் செல்லாத பிரதேசங்களில் அவையே நாணயமாக இருந்தன. ஜான்ஜிபார்த் தீவின் இந்திய வியாபாரிகளிடம் மணியும் துணியும் செம்புக் கம்பியும் வாங்கிச் சுமையாட்களின் தலையில் ஏற்றிக்கொண்டுதான் வர்த்தகக் கூட்டங்கள் உள்நாட்டுக்குப் புறப்பட்டன. 1860இல் வெளிவந்த ரிச்சர்ட் பர்ட்டனின் பிரயாண நூல் ஏறக்குறைய 400 வகை மணிகள் வழக்கில் இருந்ததாகக் குறிப்பிடுகிறது. ஓர் ஊரார் சிவப்பு மணிக்கு உயிரை விடுவார்கள். சில நாள் நடைத் தொலைவில் உள்ள வேறோர் ஊராரோ அதைக் கையால் தொடவும் மாட்டார்கள். எந்த ஊரில் எந்த நிறம் செல்லும் என்பதை விசாரித்தறியாமல் புறப்பட்ட யாத்திரிகன், சுமை நிறைய மணி வைத்துக்கொண்டே உணவுக்கு அல்லாடினான். ஐரோப்பியர் தங்கள் குறிப்புகளில் இதை அறியாத ஜனங்களின் சபலம் என்று எழுதினார்கள். எனக்கோ இது, தனக்கு வேண்டியது இன்னது என்பதில் உறுதியோடிருந்த ரசனையாகவே தோன்றுகிறது.

இன்றைய உகாண்டாவின் வடபகுதியில் வாழும் அச்சோலி மக்களிடம் வெளியுலக வியாபாரிகள் பெருவாரியாக வந்தது ஜான்ஜிபார்த் திசையிலிருந்து அன்று. வடக்கே நைல் நதி வழியாக, கார்ட்டூம் நகரத்திலிருந்து, 1850களுக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். தந்தத்துக்கு மணியைக் கொடுத்துத் தொடங்கிய வியாபாரம், வெகுவிரைவில் மாட்டு மந்தைகளைக் கொள்ளையடித்து அம்மாடுகளைக் கொடுத்தே தந்தம் வாங்குவதாகவும், இறுதியில் மனிதர்களையே பிடித்துச் செல்வதாகவும் சீர்கெட்டது. 1872இல் சாமுவேல் பேக்கர், எகிப்திய அரசின் சார்பில் படையுடன் வந்து பட்டிகோவில் கோட்டை அமைத்தபோது அவ்விடம் அடிமை வியாபாரிகளின் தங்குமிடமாக இருந்தது. அக்கோட்டை இருந்த பாறைகளைக் காண இன்றும் மக்கள் போகிறார்கள். அச்சோலி நாட்டுக்குள் மணி நுழைந்த வழியெங்கும் கண்ணீர் சிந்தியிருக்கிறது என்றால் மிகையாகாது.

ஆயினும் வந்த மணியை அம்மக்கள் தமதாக்கிக் கொண்டார்கள். இடையிலும் கழுத்திலும் அணிந்த மணிச் சரங்கள் அவர்களுடைய ஆட்டங்களோடு, விசேஷமாக இளைஞரும் கன்னியரும் கூடி ஆடும் லாரகராகாவோடு, பிரிக்கமுடியாதபடி இணைந்துவிட்டன. அச்சோலிக் கவிஞர் ஓகோட் பி'பிடெக் தம் தாய்மொழியில் இயற்றி, 1966இல் ஆங்கிலத்திலும் வெளியிட்ட லவினோவின் பாட்டு என்ற காவியத்தில், மேனாட்டு மோகம் கொண்ட கணவனிடம் மனைவி வாதாடும்போது, தன் குலத்தின் ஆடலையும் அணியையும் முன்னிறுத்தியே பேசுகிறாள்.

1986 ஜனவரியில் தலைநகர் கம்பாலாவில் ஆட்சி மாறியது. அவ்வாண்டே வடக்கில் கலகம் மூண்டது. பின்னர் கலகத் தலைவன் ஜோசப் கோனியின் படை தலையெடுத்து, குழந்தைகளைக் கவர்ந்து சென்று அவர்கள் கையிலேயே ஆயுதம் கொடுத்தது. 1996 முதல் அரசாங்கம் கிராமத்தாரை முகாம்களுக்குப் பெயர்த்தது. 2005 வாக்கில் வட உகாண்டாவில் வீடிழந்தவர் தொகை 18 லட்சத்தை நெருங்கியது. முகாமுக்குப் போகாமல் தெற்கே ஓடிவந்தவர்களில் ஒரு பகுதியினர், கம்பாலாவின் கிழக்கு விளிம்பில், அச்சோலிக் குடியிருப்பு என்றே பெயர் பெற்றுவிட்ட குன்றுச் சரிவில் மண்குடிசை கட்டிக்கொண்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வேலை, கல் குவாரியில் உட்கார்ந்து சம்மட்டியால் ஜல்லி உடைப்பது. உழுது விதைத்து உண்ட பெண்கள், வெயிலில் குழந்தையை அருகே கிடத்திக்கொண்டு கல் உடைத்தார்கள்.

இத்தகைய குடிசை வாசல்களில்தான் காகித மணி பெருகியது. காகிதத்தைச் சுருட்டி மணியாக்கும் யுக்தி உலகத்துக்குப் புதிதன்று. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சுவர்க் காகிதத் துண்டுகளைப் பின்னல் ஊசியில் சுற்றித் திரைச்சரம் கோப்பது சீமாட்டிகளின் பொழுதுபோக்கு. ஆனால் பொழுதுபோக்கு வேறு, ஜீவனோபாயம் வேறு.

செய்முறையைப் பார்த்தால் அதன் எளிமையே ஆச்சரியம் தரும். நாட்காட்டி, சுவரொட்டி, அச்சகக் கழிவு ஆகியவற்றின் வழவழப்பான தாளை, ஒரு முனை அகன்று மறுமுனை கூர்ந்து செல்லும் நீண்ட முக்கோணங்களாக நறுக்குகிறார்கள். அகன்ற முனையிலிருந்து தொடங்கி, மெல்லிய ஊசியின்மேல் இறுக்கிச் சுருட்டி, கூர்முனையில் பசை வைத்து ஒட்டுகிறார்கள். முக்கோணத்தின் அடி எவ்வளவோ அவ்வளவே மணியின் நீளம். தாளின் நீளம் எவ்வளவோ அதற்கேற்ப மணியின் பருமன். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சற்றே குறுகுவதால், நடு பருத்து இருமுனையும் சிறுத்து நூல் சுற்றிய கதிரைப் போன்ற உருவம் தானே அமைகிறது. தாளில் இருந்த படமும் எழுத்தும் உள்ளே மறைந்துபோக, ஓரங்களின் நிறம் மட்டும் கோடு கோடாக வெளியே தெரியும்; ஆகையால் எந்தத் தாள் எந்த மணியாகும் என்பதை முன்கூட்டி உணர்வதில்தான் கைதேர்ந்தவளின் திறமை இருக்கிறது. பிறகு கம்பியில் கோத்து, வார்னிஷில் பலமுறை தோய்த்து, வெயிலில் உலர்த்தினால், கண்ணாடியோ களிமண் மெருகோ என்று ஐயுறும்படி மின்னும். நம் வீட்டிலும் ஓர் ஈர்க்குச்சியும் சிறிது பசையும் இருந்தால் இதைச் செய்யலாம். சுருட்டும்போது தாள் தளராதிருக்க வேண்டும் என்பது ஒன்றே நியதி.

2004இல் கம்பாலாவுக்கு வந்த அமெரிக்கப் பெண்மணிகள் மூவர், குடிசையருகே அமர்ந்து இம்மணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கண்டு, விலைக்கு வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். அதிலிருந்து பீட் ஃபார் லைஃப் என்ற ஸ்தாபனம் பிறந்தது. வீடுகளில் சிநேகிதர்களைக் கூட்டி மாலை விற்கும் ஏற்பாடு அமெரிக்காவெங்கும் பரவியது. ஒரு காலத்தில் மேனாட்டார் மணியைக் கொடுத்து ஆபிரிக்காவின் செல்வத்தை வாரிக்கொண்டு போனார்கள். இப்போது கழிவுத் தாளிலிருந்து செய்த மணியைக் கொடுத்து ஆபிரிக்கப் பெண்கள் அம்மேனாட்டாரிடமிருந்து பணம் வாங்கினார்கள். இந்த மாற்றத்தைச் சரித்திர நூல்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தர்மத்துக்காக வாங்கப்படும் பொருளுக்கு நிலையான சந்தை ஏது என்று சிலர் ஆட்சேபிப்பதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. சுருட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு பெருகியபோது மணிகளுக்கு வாங்குவோர் அதே வேகத்தில் பெருகவில்லை. அந்த ஸ்தாபனமே பின்னர், பெண்களுக்குச் சிறுவியாபாரம் நடத்தக் கற்பிப்பதில் முக்கியமாக ஈடுபட்டது. ஆயினும் சம்மட்டியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தவளுக்கு, நிழலில் உட்கார்ந்து சம்பாதித்த முதற்காசு தர்மக் காசாக இருந்திருக்காது.

2006 ஆகஸ்டில் அரசுக்கும் கோனியின் படைக்கும் இடையே போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. முகாம்கள் மெல்ல மெல்லக் கலைந்தன. கம்பாலாவில் இருந்தவர்களில் சிலர் வடக்கே குலுவுக்கும் கிட்கும்முக்கும் திரும்பிப் புல் மண்டிய நிலத்தை மறுபடி கொத்தினார்கள். நகரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. மணி செய்தவர்களில் சிலர், தலைநகருக்குக் கிழக்கே முகோனோ வட்டாரத்தில், அந்த வருவாயைச் சிறுகச் சிறுகச் செலுத்திச் செங்கல் வீடுகளைச் சொந்தமாக்கிக் கொண்டார்கள்.