மாசிப் பட்டமும் மும்பை மண்ணும்

ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் முதுமொழியைக் கேளாத தமிழர் இலர். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம் குடும்பங்கள் பலவும் அம்மொழியை நெஞ்சிலும், அவரை, புடல், பீர்க்கு ஆகியவற்றின் விதைகளை முந்தானை முடிச்சிலும் கொண்டே ரயிலேறின. வந்து சேர்ந்த முதலாண்டின் ஆடியிலேயே அம்முதுமொழி கைவிட்டுவிடுகிறது. நாமும் அவ்வாறு கைவிடப்பட்டவர்களே. செம்பூரில் குடிபுகுந்த ஆண்டு, ஆடிப் பதினெட்டன்று, ஐந்து எண்ணெய்த் தகரங்களில் மண்ணிட்டுக் கத்தரியும் வெண்டையும் விதைத்தோம். மூன்று நாட்கள் மழை ஓயவில்லை. நான்காம் நாள் பார்த்தபோது தகரங்களில் சேறு இருந்தது, விதை இல்லை. கீழ்வீட்டு மராட்டிய அம்மையார், மழை கொட்டும்போது தொட்டியில் விதைப்பாரும் உண்டோ என்று நகைத்தது இன்றும் நினைவிலிருக்கிறது.

பிழை முதுமொழியின்மேல் அன்று; நம்மேலதே. அது பிறந்த நிலம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, எஞ்சிய சாரலையே நம் நாட்டிற்கு அனுப்புகிறது. ஆடியில் மண் நனையும், விதை முளைக்கும், பயிர் வேரூன்றிய பின்னர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை வந்து அதனை வளர்க்கும். மும்பையோ மலையின் மறுபுறத்தே கடலை நோக்கி நிற்பது. இங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே திங்களில் ஆண்டு மழை ஏறக்குறைய முழுவதும் பெய்துவிடுகிறது. சாந்தாகுரூசில் ஜூலைத் திங்களில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது இயல்பு. திருநெல்வேலி நகரம் ஓராண்டில் காணும் மழை இதனினும் குறைவே. ஆதலின் இந்நகரில் வீட்டுத் தோட்டம் இடுவோர்க்குப் பட்டங்கள் இரண்டு: மழை நின்றபின் வரும் புரட்டாசி, ஐப்பசி ஒன்று, குளிர் நீங்கும் மாசி மற்றொன்று. மாசிக்கு ஆயத்தம் செய்யும் நாட்கள் இவை. அதனைக் கூறுமுன், இந்நகரில் தோட்டம் என்பது எவ்வாறு தோன்றி, எவ்வாறு தேய்ந்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

மும்பையின் வீட்டுத் தோட்டக்காரர்களுள் பெயர் அறியப்பட்ட பழையவர் ஒரு மருத்துவர். 1534-இல் குசராத்துச் சுல்தான் பகதூர் ஷா செய்த உடன்படிக்கையால் வசையும் அதனைச் சார்ந்த தீவுகளும் போர்த்துகீசியர் வசமாயின. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து மும்பைத் தீவைக் குத்தகைக்குப் பெற்றவர் கார்சியா த ஓர்த்தா. கோவாவில் மருத்துவம் செய்துவந்த இவர் இந்திய மூலிகைகளைப் பற்றி எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சாயிற்று. மும்பையில் தமக்கிருந்த தோட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும் மாமரம் ஒன்று உண்டெனப் பெருமிதத்தோடு அந்நூலில் அவர் குறிப்பிடுகிறார். போர்த்துகீசிய மொழியில் தோட்டத்திற்கு ஓர்த்தா என்றே பெயர். மருத்துவரின் குடிப்பெயரும் அதுவாக அமைந்தது தற்செயலே. ஆயினும் இனிய தற்செயல். பின்னர் வந்த ஆங்கிலேயரும் அச்சொல்லைச் சிதைத்து, கிர்காம், மாகிம் பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஓர்ட் என்று தம் பதிவேடுகளில் எழுதிவந்தனர்.

அத்தோப்புகள் இன்று இல்லை. ஊர்ப்பெயர்களில் மட்டும் மரங்கள் நிற்கின்றன. சிஞ்ச்போக்ளியில் புளி, பணஸ்வாடியில் பலா, உமர்காடியில் அத்தி, வடாலாவில் ஆல். பேண்டி பஜார் என்றதும் நம்மவர் வெண்டைக்காயை எண்ணுவர். அங்கு நின்ற பூவரச மரங்களால் வந்த பெயர் அது என்பது ஒரு கூற்று. மராட்டியத்தில் பூவரசுக்கும் பேண்டி என்றே பெயர். சிவ்ரியில் மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் வைத்திருந்த தோட்டம் 1865-இல் கிறித்தவர்களின் இடுகாடாயிற்று. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1862-இல், பைகுல்லாவில் விக்டோரியா தோட்டம் திறக்கப்பட்டுவிட்டது. இன்று ராணி பாக் என்று யாவரும் அழைக்கும் அவ்விடத்தில், தை மாசியை ஒட்டி மாநகராட்சி நடத்தும் மலர், காய்கறிக் கண்காட்சியைக் காணாத மாதுங்காவாசிகள் ஒருமுறையேனும் காணல் நன்று. தொட்டியில் எதனை வளர்க்க இயலும் என்பதை அங்குக் கண்ணாற் கண்டு அறியலாம்.

இனி நம் குடியிருப்புகளின் கதை. 1896-இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய் நெருக்கமான சாள்களில் வாழ்ந்த மக்களை வாரிக்கொண்டது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. காற்றும் ஒளியும் புகுமாறு தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளை அவ்வறக்கட்டளை திட்டமிட்டு அமைத்தது. ஐந்து தோட்டங்கள் எனப்படும் திடல்களும், கட்டடங்களைச் சுற்றி விடப்பட்ட வெற்றிடங்களும் அத்திட்டத்தின் பயன். இருபதுகளிலும் முப்பதுகளிலும் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் வந்த தென்னாட்டார் மாதுங்காவில் நிலைபெற்றனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றிற்று. அவ்வீடுகளின் பின்புறத்தில் நின்ற முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் அவர்கள் கொண்டுவந்த ஊரின் துண்டுகளே எனலாம். தாராவியின் நிலை வேறு. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்தவர்கள் குடியேறிய இடம் அது. உப்பங்கழியை ஒட்டிய சதுப்பு. அங்கே மரம் வைக்க மண்ணேது? செம்பூருக்கோ 1906-இல் இடப்பட்ட இருப்புப்பாதை மக்களுக்காக இடப்பட்டதன்று. நகரத்தின் குப்பையைச் சுமந்து செல்லும் வண்டிகளுக்காக இடப்பட்டது. 1924-இல்தான் பயணிகள் அதில் ஏறினர். மூன்றாண்டுகளில் தேவ்னார்க் குப்பைமேடும் தொடங்கிற்று. நம் சமையலறையில் கழிக்கும் தோலும் நாரும் நூறாண்டாக எங்குச் செல்கின்றன என்பதைச் செம்பூர்வாசிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காற்று திரும்பினால் போதும்.

வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு என்னும் நிலையிலிருந்து நாட்டுக் கடமை என்னும் நிலைக்கு உயர்ந்தது இரண்டாம் உலகப் போரில். 1942-இல் பர்மா சப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மறு ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். 1943 மே திங்களில் பம்பாய் நகரில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அதிக உணவு விளைவிப்போம் என்னும் இயக்கத்தை அரசு தொடங்கி, கிடைத்த இடத்திலெல்லாம் பயிரிடுமாறு மக்களை வேண்டிற்று. அதே காலத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடி வெற்றித் தோட்டங்கள் இருந்தன என்று கணக்கிடுவர். அங்குப் புல்வெளியைக் கொத்தினால் மண் கிடைத்தது. பம்பாயில் சாள்வாசிக்குக் கொத்துவதற்கு என்ன இருந்தது? அறிவுரை ஒன்றே, அது விழுந்த நிலம்தான் ஒன்றன்று.

இவ்வியக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய அமைந்த குழுவின் தலைவர் ஒரு தமிழர் என்பது நாம் அறியத்தக்கது. கரூரை அடுத்த வாங்கலில் பிறந்து, பரோடா சமஸ்தானத்தின் திவானாக நெடுங்காலம் விளங்கிய வி. டி. கிருஷ்ணமாச்சாரியார் அவர். 1952-இல் வெளிவந்த அறிக்கையில், சிற்றூர் வாழ்வின் கூறுகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை, விளைச்சலை மட்டும் தனியே பெருக்க இயலாது என்று அக்குழு முடிபு கூறிற்று. மீண்டும் 1965-இல் போரும் வறட்சியும் சேர்ந்து வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்க வேண்டினார். தம் இல்லத் தோட்டத்தில் தாமே ஏர் பிடித்தார். உணவமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியமோ தில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியைப் பெயர்த்துப் புதிய கோதுமை வித்தை விதைத்துக் காட்டினார். அதே ஆண்டுகளில் தஞ்சையில் திருச்சி வானொலியின் வாயிலாகப் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு உழவர்கள் ரேடியோ நெல் என்று பெயரிட்டது, வானொலிக்காரர்கள் அடிக்கடி சொல்லி மகிழும் செய்தி. நாமும் சொல்லிவிட்டோம்.

போர்க்கால இயக்கத்தின் பெயர் மும்பையில் வியப்பான ஓரிடத்தில் பல்லாண்டு தங்கிற்று. ரயில்வேத் துறை, இருப்புப்பாதையை ஒட்டிய நிலத்தை அப்பெயராலேயே தன் ஊழியர்களுக்குப் பயிரிடக் குத்தகைக்கு விட்டுவந்தது. குர்லா, சயான் வழியே மின்வண்டியில் சென்ற எவரும் அப்பசுமையைக் கண்டிருப்பர்: பாலக், முளைக்கீரை, வெண்டை, முள்ளங்கி. காண இனியதே. ஆயின் அவற்றிற்குப் பாய்ந்த நீர் பலவிடங்களில் சாக்கடையின் நீர். வடிகால் நீரில் விளையும் கீரையில் ஈயம், காட்மியம் போன்றவை சேர்கின்றன என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. இலைமேல் ஒட்டிய அழுக்கைக் கழுவலாம். வேர் உறிஞ்சியதைக் கழுவ எந்த நீரும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று தாராவித் தாய்மார் வாங்கிச் சென்றதும் இக்கீரையையே. வீட்டில் ஒரு தொட்டிக் கீரையேனும் வளர்த்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. அழகன்று, சிக்கனமும் அன்று.

மண் இல்லையே என்போர்க்கு மறுமொழி இந்நகரிலேயே கிடைத்தது. 2002-இல் மும்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் சமையற்கூடத்தில் உணவுப் பொறுப்பாளராக இருந்த பிரீதி பாட்டீல், நாள்தோறும் குவிந்த சமையற்கழிவை என்செய்வது என்று எண்ணி, மொட்டைமாடியில் தோட்டம் இட்டார். ஏறத்தாழ 3,000 சதுர அடி. காய்ந்த இலை, கரும்புச் சக்கை, காய்கறிக் கழிவு, சிறிதளவே மண். இவற்றில் கீரையும் தக்காளியும் பழமரங்களும் செழித்தன. இதன் சிறப்பு எடையில் உள்ளது. ஈரமண் ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ நிறுக்கும். பழைய கட்டடத்தின் தளம் அத்தகைய தொட்டிகள் ஐம்பதைத் தாங்குமா என்று வீட்டுச் சங்கத்தார் அஞ்சுவது நேர்மையான அச்சமே. மக்கிய இலைக்கோ அதில் ஒரு பகுதியே எடை. தாராவியின் ஓரத்திலும் மற்றொரு சான்று நிற்கிறது. 1977 வரை குப்பைமேடாக இருந்த 37 ஏக்கர் நிலத்தின்மேல் மரங்கள் நட்டு, 1994 ஏப்ரல் 22-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையின்மேல் காடு நிற்குமாயின் கீரைப்பாத்தி நில்லாதோ?

ஆகவே மாசிக்கு ஆயத்தம் என்பது விதையில் தொடங்குவதன்று, எருவில் தொடங்குவது. மழை ஓய்ந்தபின், கார்த்திகை மார்கழியில் துளையிட்ட வாளியில் இட்ட காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மாசியில் கருமையாக, மண்வாசம் வீசும் எருவாகியிருக்கும். இதுவரை தொடங்காதோர் இவ்வாண்டு எருவை விலைக்கு வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டுக்காக இன்றே வாளியை வைத்துவிடலாம். நம் வீடுகளில் தேங்காய் உடையாத நாளில்லை. நாரை எறியாமல் பிய்த்து எருவோடு கலந்தால் நீரைப் பிடித்துவைக்கும். தொட்டிக்குத் தாராவியின் கும்பார்வாடாவை விடச் சிறந்த இடமில்லை. சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் வனையும் மண்தொட்டியின் சுவர் மூச்சுவிடும், வேர் வேகாது.

பிப்ரவரித் திங்களின் நடுவில் மாசி பிறக்கிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை இறங்கும். இடையில் உள்ளவை ஏறத்தாழ 115 நாட்கள். இக்கணக்கைச் சுவரில் எழுதிக்கொண்டே விதையைத் தேர்தல் வேண்டும். தண்டுக்கீரை விரைவில் கைக்கு வரும். மூன்று முறை விதைக்கலாம். வெண்டை 50 நாளில் காய்க்கத் தொடங்கி இரு திங்கள் தரும். கொத்தவரை, வெள்ளரி, பாகல் ஆகியனவும் மழைக்குமுன் தம் கடனை முடித்துவிடும். முட்டைக்கோசும் குடமிளகாயும் இப்போது வேண்டா. தக்காளியும் இரவு வெப்பம் ஏறினால் பூவை உதிர்த்துவிடும். பாகல், வெண்டை விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை கண்டபின் ஊன்றுக. மார்ச்சில் 38 பாகை எட்டும் நாட்களும் உண்டாதலின் நண்பகலில் பழைய வேட்டியொன்றை நிழலாகக் கட்டுதல் நன்று. சாளரக் கம்பிக்கு வெளியே தொட்டியைத் தொங்கவிடுதல் கூடாது; கீழே நடப்பவர் தலை நம் வெண்டையினும் விலையுயர்ந்தது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் கொசு வளரும். மாநகராட்சிப் பணியாளர் வந்து கேட்பதும் முறையே.

ஊரிலிருந்து வந்த அவரை விதை வைத்திருப்போர் ஒன்று மட்டும் கருதுக. நாட்டு அவரை பகல் குறுகினாலன்றிப் பூக்காது. மாசியில் விதைத்தால் சாளரம் முழுதும் கொடி படரும். காய் ஒன்றும் வாராது. அதனைச் சாம்பலிற் புரட்டி, உலர்ந்த புட்டியில் இட்டு, மூடியின்மேல் புரட்டாசி என்று எழுதி வைத்துவிடலாம்.