துரைத்தனமும் வாக்குரிமையும்

ஒருவரின் கட்டளைக்கு அனைவரும் பணியும் ஆட்சி ஒழுங்கானதுபோலத் தோன்றும். குறைபாடுடைய சனநாயகத்திற் சலிப்புற்ற மக்களைப் பாசிசம் கவர்ந்தமைக்கு இத்தோற்றமும் ஒரு காரணமாகும். மலையகத் தோட்டங்கள் இவ்வொழுங்கை நன்கறிந்தவை. பிரட்டுக்களத்திற் பேர் விழுவதும் லயத்தில் இடங் கிடைப்பதும் துரையினதும் பெரிய கங்காணியினதும் சொல்லுக்கு அடங்கியிருந்தன. அங்கு குழப்பம் குறைவு. முறையிட இடமும் இல்லை.

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்புச் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அது நிபந்தனைகளுடனேயே கிட்டியது. எனினும், 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. இதனைச் செய்தவன் கொடுங்கோலன் ஒருவனல்லன். பாராளுமன்றப் பெரும்பான்மையே செய்தது.

1947இல் தலவாக்கலையில் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை பின்னர் எழுதிய நாவலொன்றின் பெயர் ‘வீடற்றவன்’. லயத்தில் வாழ்ந்தும் வீடற்றவன், நாட்டுக்கு உழைத்தும் நாடற்றவனுக்கு உருவகமாகிறான்.

ஆயினும், இவ்வநீதி ஒருவராட்சிக்குச் சான்றாகாது. துரையின் தீர்ப்பைத் திருத்தத் துரையன்றி வேறெவருமிலர். பாராளுமன்றத்தின் தவற்றையோ, தொழிற்சங்கமும் வாக்கும் தந்த நெருக்குதலால், 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் திருத்தின. அதற்கு அரை நூற்றாண்டு சென்றது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர்க்கு அது காலங்கடந்த நீதியே. பெரும்பான்மையின் கை தீண்டவியலாத உரிமைகள் சில இல்லாவிடத்து, வாக்குப்பெட்டியும் துரைத்தனத்துக்குத் துணைபோகும் என்பதே மலையக வரலாறு தரும் பாடமாகும்.