மரமும் அது பருகும் நீரும்: ஒரு சான்றின் வரலாறு

மரத்தைக் கண்டு நிலத்தடி நீரை உய்த்துணர்தல் மிகப் பழைய வழக்கு. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் இயல் வகுத்துள்ளார். இன்ன மரம் நின்று, அதன் அருகே புற்றும் காணப்படின், இன்ன திசையில் இத்தனை முழம் தள்ளி, இத்தனை ஆளுயர ஆழத்தில் நீர் ஊறும் என அவ்வியல் அளந்து கூறுகின்றது. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் பெருநூலின் எட்டாம் பகுதியில், நாணல், வில்லோ, ஆல்டர் முதலியவற்றை நீரின் அடையாளங்களாகக் குறிக்கின்றார். ஆயினும் அவர் உடனே ஓர் ஐயத்தையும் எழுப்புகின்றார். இவை மழைநீர் தேங்கும் சதுப்பிலும் வளரும். ஆதலின் சதுப்பல்லாத இடத்தில் தாமே முளைத்தவற்றையே நம்புதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இவ்வையமே நாம் ஈண்டு ஆராயும் பொருளுக்குத் தோற்றுவாய் எனலாம். மரம் நீர் அருகே நிற்கின்றது என்பது ஒன்று. அந்நீரைத்தான் அது பருகுகின்றது என்பது மற்றொன்று. நாற்கவிராச நம்பி கருப்பொருள் பதினான்கினுள் நீரையும் மரத்தையும் சேர்த்தெண்ணினார். எம்மரம் எந்நீரை உண்ணும் என்பது இலக்கண நூலாரின் கவலை அன்று. ஆனால் நீரியல் அறிஞர்க்கு அதுவே முதல் வினாவாதல் வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அவ்வினா முறையாக எழவில்லை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சார்ந்த ஆஸ்கர் மைன்சர், நிலத்தடி நீரை நம்பி வாழும் செடிகட்கு 'ஃபிரியேட்டோஃபைட்' எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'ஃபிரியார்' எனின் கிணறு. 'ஃபைட்டான்' எனின் செடி. 'கிணற்றுச் செடி' என நாம் மொழிபெயர்க்கலாம். 1927இல் வெளிவந்த அவர் நூல், செடிகளை நிலத்தடி நீரின் அறிகுறிகளாகத் தொகுத்து ஆராய்ந்தது. நூல் சிறந்ததே, எனினும் அப்பெயர், நிறுவ வேண்டியதை நிறுவப்பட்டதாகவே கொள்ளும் இயல்பினது. பெயர் நிலைத்தபின் அதன்மேல் செயல்களும் எழுந்தன. மேற்கு அமெரிக்க ஆற்றங்கரைகளில் இம்மரங்கள் நீரைக் கவர்கின்றன எனக் கருதி அவற்றை அழிக்கும் திட்டங்கள் வகுக்கப்பெற்றன. நியூ மெக்சிகோவில் பெகோஸ் ஆற்றங்கரையில் 1967 முதல் டாமரிஸ்க் மரங்கள் பெரும்பரப்பில் அகற்றப்பட்டன. ஆற்றின் அடியோட்டம் அதனாற் கூடியதாக அளவீடுகள் காட்டவில்லை.

சான்று வேறு துறையிலிருந்து வந்தது. வேதியியற் பண்பால் ஒன்றாய் எடையால் மட்டும் வேறுபடும் அணுக்களை ஓரிடத்தான்கள் என்பர். ஐசோடோப்பு என்பதும் வழக்கு. கதிர்வீச்சின்றி அழியாது நிற்பவை நிலைத்த ஓரிடத்தான்கள். ஆக்சிஜன்-18 1929இலும், கனத்த ஹைட்ரஜனாகிய டியூட்டீரியம் 1931இலும் கண்டறியப்பட்டன. கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம்; ஏறத்தாழ 500 ஆக்சிஜன் அணுக்களுக்கு ஒன்று ஆக்சிஜன்-18. இவ்விகிதம் நீருக்கு நீர் சிறிது மாறும். பனிநீரில் கனத்த அணுக்கள் குறைவு. கோடை மழையில் மிகுதி. வெயிலில் ஆவியாகி எஞ்சிய மேல்மண் ஈரத்தில் இன்னும் மிகுதி. உலகின் மழைநீரில் இவ்விரு தனிமங்களின் விகிதங்களும் ஒரே நேர்கோட்டில் அமைவதை ஹார்மன் கிரெய்க் 1961இல் காட்டினார்.

செடிக்கு இம்முறை பொருந்துமாறு செய்தது, சிம்மர்மனும் உடனாய்வாளரும் 1967இல் வெளியிட்ட முடிபு: வேர் நீரை உறிஞ்சும்போது அதன் விகிதம் மாறுவதில்லை. இலையில் நீர் ஆவியாதலின் ஆங்கு விகிதம் திரியும். ஆகவே முதிர்ந்த கிளையின் நீரையே கொள்ளல் வேண்டும். அந்நீரை ஓடை, மழை, ஆழ்மண் ஆகியவற்றின் நீரோடு ஒப்பிட்டால் மரம் பருகியது எது என்பது விளங்கும்.

1991இல் டாசனும் எலரிங்கரும் யூட்டா மாநிலத்து ரெட் பியூட் பள்ளத்தாக்கில் இதனைச் செய்து, 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஓடைக்கரையில் நின்ற சிறு மரங்கள் ஓடைநீரைப் பருகின. முதிர்ந்த மரங்களோ, ஓடையிலேயே வேர் நனைய நின்றும், அதனைப் பருகவில்லை. அவற்றின் நீர் ஆழத்திலிருந்து வந்தது. அருகிருத்தல் கொண்டு உறவைத் துணிதல், ஒரே கட்டில் கிடந்த ஏடுகளை எல்லாம் ஒரே ஆசிரியர்க்கு உரிமையாக்குதல் போல்வது.

இதனால் பழையோர் கூற்று முழுதும் பொய் எனக் கொள்ளற்க. அரிசோனாவின் சான் பெட்ரோ ஆற்றுப்பகுதியில் ஸ்னைடரும் வில்லியம்ஸும் நிகழ்த்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், வில்லோ மரங்கள் கோடை மழைக்காலத்திலும் மேல்மண் ஈரத்தைத் தொடவில்லை. நிலத்தடி நீரையே நம்பின. விட்ருவியஸின் வில்லோ ஈண்டுப் பொய்க்கவில்லை. காட்டன்வுட் மரமோ, ஆறு வற்றும் இடத்தில் மழை ஈரத்தையும் ஒரு பங்கு கொண்டது. நம் சீமைக்கருவேலின் இனமாகிய மெஸ்கீட் அவ்விடத்தில் மேல்மண்ணை இன்னும் மிகுதியாக நாடியது. ஒரே மரம் ஓரிடத்தில் கிணற்றுச் செடியாகவும் பிறிதோரிடத்தில் மழைச் செடியாகவும் இருத்தல் கூடும். சீமைக்கருவேல் நிலத்தடி நீரை வற்றச் செய்கின்றது என ஊர்தோறும் ஒரே தீர்ப்புக் கூறுவோர், அவ்வவ்வூர் மரத்தை இம்முறையால் வினவிப் பார்த்தல் தகும்.

இச்சான்றுக்கும் குறுக்கு விசாரணை உண்டு. ஃபுளோரிடாக் கடற்கரையின் உவர்நிலச் செடிகளில் வேரே ஹைட்ரஜன் விகிதத்தை மாற்றுகின்றது என லின், ஸ்டெர்ன்பர்க் ஆகிய இருவரும் 1993இல் காட்டினர். கிளைநீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி உறையவைத்துப் பிரிக்கும் வழக்கமான முறை, டியூட்டீரியத்தைக் குறைத்துக் காட்டுகின்றது என 2020இல் சென் முதலியோர் நிறுவினர். ரெட் பியூட் ஆய்வு ஹைட்ரஜன் விகிதத்தையே ஆதாரமாகக் கொண்டதாதலின், இத்திருத்தம் அதனையும் தொடும். ஆயினும் அதே ஆய்வில் சிறு மரங்களின் நீர் ஓடைநீரை ஒத்திருந்தமையின், சிறு மரத்திற்கும் முதிர்மரத்திற்கும் இடைப்பட்ட வேறுபாடு எளிதில் மறையாது என நாம் கருதுகின்றோம். மீண்டும் கணக்கிட வேண்டுவது ஆழ்நீரின் பங்கு எவ்வளவு என்பதே.