மாசி மாதத்தின் இரு கரைகள்: மயிலிட்டியும் வட நோர்வேயின் குளிர்கால விடுமுறையும்

1. பொருளும் எல்லையும்

நோர்வேயின் பள்ளிக்கூடங்கள் பெப்ரவரி பிற்பகுதியையொட்டி ஒரு வாரம் மூடப்படும். இக்கட்டுரை ‘குளிர்கால விடுமுறை’ என்பது அந்த ஒரு வாரத்தையே. நத்தார் விடுமுறை இதில் அடங்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள மயிலிட்டித் துறையின் பருவ ஒழுங்கோடு அதை ஒப்பிடுவது நோக்கம். இவ்விடுமுறையை நிர்ணயிப்பது குளிர் அன்று. வெளிச்சமும் தொழிலும் பள்ளிக்கூடமுமே என்பது எமது துணிபு.

2. வெளிச்சம்

மயிலிட்டியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ 11½ மணித்தியாலம். வட நோர்வேயின் ஃபின்மார்க் கரையிலுள்ள வார்டோவிலோ நவம்பர் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ இரு மாதம் சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. நண்பகலில் நீலம் பாய்ந்த மங்கலே உண்டு. பெப்ரவரி பிற்பகுதியில் பகல் 8 மணித்தியாலத்தை எட்டிவிடும்; பனியோ கரைந்திராது. பனியில் சறுக்கி விளையாட இரண்டும் வேண்டும் என்பதால், அந்த வாரம் அவ்விடத்துக்குப் பொருந்துகிறது.

குளிர் மட்டும் அளவுகோலாகாது. அத்திலாந்திக் வெந்நீரோட்டத்தால் வட கரைத் துறைமுகங்கள் உறைவதில்லை. ஆனால் உள்நாட்டிலுள்ள கராசியோக்கில் 1886 ஜனவரி 1 அன்று பதிவான குளிர் −51.4 பாகை செல்சியஸ்.

3. தொழில்

3.1 மயிலிட்டி. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்தால் வடகரைக் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். தொழிலாளி வலை பொத்திக்கொண்டிருப்பான். கேட்டு வாங்காத அந்த ஓய்வுக்குச் சம்பளமும் இல்லை. மாசியளவில் காற்றுத் தணியத் தொழில் மறுபடி சூடுபிடிக்கும்.

3.2 வட நோர்வே. கொட் மீன் முட்டையிடக் கரைநாடும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. லொஃபோட்டன் தீவுகளில் தலை நீக்கி, குடல் எடுத்த மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டி மரப் பந்தல்களில் தொங்கவிடுவார்கள். உப்புப் போடுவதில்லை, உறைநிலையை ஒட்டிய குளிரும் காற்றும் ஈ வருமுன்பே ஈரத்தை வாங்கிவிடும். மீனைக் கீறி உப்பிட்டு வெயிலில் காயவிடும் எங்கள் கருவாட்டு முறைக்கு இது நேர்மாறு, நோக்கம் ஒன்றே.

ஆக, மாசி இரு கரைகளிலும் உழைக்கும் மாதம். விடுமுறை பிள்ளைக்கு, பெற்றோருக்கு வேலை.

4. இணைக்கும் வழி

1956 இல் நோர்வே சென்று கடற்றொழில் நுட்பம் கற்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி ராஜேந்திரம், 1967 இல் சீநோர் என்னும் கடற்றொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகுத் துறையும் அதன்வழி எழுந்தன. பின்னர் மக்கள் உயர்பள்ளிகளில் மாணவராகவும், 1980களில் அகதிகளாகவும் இலங்கை வடக்கின் இளைஞர் நோர்வே சென்றனர். பலருக்குக் கிடைத்த முதல் வேலை ஃபின்மார்க் மீன் ஆலைகளில் மீன் வெட்டுவது. பின்னாளில் அவர்களுள் பலர் ஒஸ்லோ நோக்கி இடம்பெயர்ந்தனர்.

5. விடுமுறையின் குறுமை

ஊர்ப் பயணத்துக்கு ஒரு வாரம் காணாது; அதனால் புலம்பெயர்ந்தோர் யூலை, ஓகஸ்ட் கோடை விடுமுறையில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி யாழ்ப்பாணம் வருகின்றனர். மயிலிட்டியாருக்கு இதிலும் ஒரு தடை இருந்தது. 1990 யூனில் போரால் இடம்பெயர்ந்தபின் ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 யூலையில்தான். 27 ஆண்டுகள் விடுமுறை கிடைத்தாலும் யாழ்ப்பாணம்வரை வரலாம், சொந்தத் துறையில் கால்வைக்க முடியாது.

6. முடிபு

அயல்நாடான சுவீடனில் இத்தகைய விடுமுறை 1940 இல் எரிபொருளை மிச்சம் பிடிக்கத் தொடங்கியது. விளையாட்டும் உல்லாசமும் பிறகு சேர்ந்தன. வட நாட்டின் குளிர்கால விடுமுறையை இன்பப் பயணமாக மட்டும் எழுதினால் அதன் பாதியே புலப்படும். மீன் ஆலையில் நின்ற முதல் தலைமுறைக்குப் பெப்ரவரி வேலையின் உச்சம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது சறுக்கு விளையாட்டின் வாரம். ஒரு குடும்பம் கடலின் ஒழுங்கிலிருந்து பள்ளிக்கூடத்தின் ஒழுங்குக்கு மாறியதை இந்தச் சிறு விடுமுறையே காட்டிவிடுகிறது.