தரைதட்டாத கப்பல்!

மழைக்காலத்துல கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்குள்ள நடந்திருக்கீங்களா? ஒவ்வொரு அடிக்கும் மண்ணு செருப்புல அப்பிக்கிட்டு விடவே விடாது. தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் மணல் திட்டுகளில் படகுகளுக்கும் இதே கதிதான். ஆழம் குறைவு என்பதால் தரைதட்டி நின்றுவிடும்.

அங்கே கைகொடுப்பது ஹோவர்கிராஃப்ட். மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல்படை இதை வைத்திருக்கிறது. பெரிய விசிறி காற்றைக் கீழே தள்ளும். சுற்றிலும் பாவாடை மாதிரி தொங்கும் ரப்பர் திரை அந்தக் காற்றைத் தேக்கிவைக்கும். அந்தக் காற்று மெத்தை மேலதான் மொத்தக் கலமும் மிதக்குது. பின்னால் சுழலும் விசிறி முன்னே தள்ள, மணிக்கு சுமார் 80 கி.மீ. வரை பாயும். தண்ணி, மணல், சேறு... எல்லாம் இதுக்கு ஒண்ணுதான்.

பிரிட்டன் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல், 1950-களில் இரண்டு தகர டப்பாக்களை வைத்துச் சோதித்த யோசனை இது. 1959-ல் இவ்வகைக் கலம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு அரிச்சல்முனை அருகே மணல் திட்டில் தவித்தார்கள். அவர்களை மீட்டுக் கரைசேர்த்தது ஹோவர்கிராஃப்ட்தான்.

வேகமாப் போறது பெருசில்லீங்க. சிக்காமப் போறதுதான் அங்கே உயிரைக் காப்பாத்துது!