சர்க்கார் மரமும் ஜவ்வாது மலையும்

காவலூர் தொலைநோக்கியில் வானம் பார்க்கலாம்னு ஒரு சனிக்கிழமை நண்பர்களோட கிளம்பினேன். ஒரே மேகமூட்டம். ஒரு நட்சத்திரம்கூட சிக்கலை :-( சரின்னு மறுநாள் ஜமுனாமரத்தூர் பக்கம் போனோம். டீக்கடையில் ஒரு பெரியவர்கிட்ட, "இங்க சந்தனக் காடு எங்கங்க ஐயா?"ன்னு கேட்டேன்.

"எங்கப்பா காலத்துல, நிலத்துல சந்தனக் கன்னு முளைச்சா புடுங்கிப் போட்டுருவாங்க தம்பி. வளர்ந்தப்புறம் எவனாவது வெட்டிட்டுப் போனா, கேஸு நம்ம மேல வருமே!"

அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

1792-ல் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்தார். (அரச மரம்னு எழுதினா குழப்பம் ஆகிடும்!) தமிழ்நாட்டிலும் ரொம்ப காலத்துக்கு, சொந்த பட்டா நிலத்தில் முளைத்த சந்தனத்தைக்கூட இஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? எல்லாம் எண்ணெய்க்காகத்தான். மரத்தின் வைரப்பகுதியில் இருக்கும் சாண்டலால் என்ற பொருள்தான் அந்த வாசனை. பெனிசிலின் வருவதற்கு முன்னால், ஐரோப்பாவில் வெட்டை நோய்க்குச் சந்தன எண்ணெயைத்தான் மாத்திரைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தார்கள். நம்ம ஊர்க் கட்டை ஜெர்மனிக்குப் போய் எண்ணெயாகும். 1914-ல் உலகப்போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. கட்டைகள் தேங்க, 1916-ல் மைசூரிலேயே எண்ணெய் ஆலை வந்தது. மைசூர் சாண்டல் சோப் பிறந்த கதையும் இதுதான்.

1940-களில் பெனிசிலின் வந்ததும் மருந்துப் பெருமை போனது, வாசனைத் தேவை மட்டும் நின்றது. சில கிருமிகளை இந்த எண்ணெய் தடுக்குதுன்னு ஆய்வகத்தில் பார்த்திருக்காங்க. ஆனா சர்வரோக நிவாரணின்னு யாராவது விற்றால் நம்பாதீங்க.

ஜவ்வாது மலைக் கட்டைகள் திருப்பத்தூர் கிடங்குக்கு இறங்கி ஏலம் போயின. திருட்டு ஒருபக்கம், ஸ்பைக் நோய் ஒருபக்கம். மரம் அருகிப்போச்சு. 1998-லேயே சந்தனம் அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இதே வாசனைக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒஸைரிஸ் மரத்தை வேரோடு பிடுங்க, 2013-ல் அதன் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

2015 ஏப்ரல் 7 ஞாபகம் இருக்கா? சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 தமிழர்கள் செத்தாங்க. ஜவ்வாது மலைக்காரங்களும் அதில் உண்டு. செம்மரம் வேற, சந்தனம் வேற. செம்மரத்தில் அந்த எண்ணெய் கிடையாது, அதுக்குக் கட்டைக்குத்தான் விலை. ஆனா எந்த மரமா இருந்தாலும் லாபம் ஒருத்தருக்கு, குண்டு இன்னொருத்தருக்கு.

2002-ல் சட்டம் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம்னு ஆச்சு. வெட்ட மட்டும் வனத்துறை அனுமதி வேணும். "இப்ப நடலாமே ஐயா?"ன்னு கேட்டேன்.

"இருபது முப்பது வருசம் யாரு தம்பி காவல் காக்கறது?"

பதில் தெரியலை. டீக்குக் காசு கொடுக்க வந்தேன், அவர் விடலை. உங்க ஊர்ல யாராவது சந்தனம் வளர்க்கறாங்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.