கொலம்பியா ஆற்றில் இரு தோணிகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு நீண்ட பாலம் இருக்கிறது. 1966-இல் திறக்கப்பட்ட அந்த அஸ்டோரியா–மெக்ளர் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 6.5 கிலோமீட்டர். ஆறு அங்கே அவ்வளவு அகலம். பாலத்தின் வடமுனையை ஒட்டிய பாறைக்கரையில்தான் 1805 நவம்பரில் லூயிஸ், கிளார்க் ஆகியோர் தலைமையிலான பயணக் குழுவினர் முப்பதுக்கும் மேற்பட்டோர், மழையில் நனைந்து, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் பல நாட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் அவர்கள் கண்ணெதிரிலேயே பூர்வகுடிகள் தோணியில் வந்து மீன் விற்றார்கள். விற்று முடித்ததும் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய்விட்டார்கள்.

அகன்று விரைந்தோடும் ஓர் ஆற்றைச் சிறு தோணியில் கடக்க என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டால், இந்த இரு தோணிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பதில் கிடைக்காது. இரண்டும் மரத்தைக் குடைந்து செய்தவை. இரண்டும் ஒரே ஆற்றில், ஒரே பருவத்தில் ஓடின. ஆனாலும் ஒன்று கரையில் முடங்கிக் கிடந்தபோது மற்றது போய் வந்துகொண்டிருந்தது.

முதலில் பயணக் குழுவினரின் தோணியைப் பார்ப்போம். 1804 மே மாதம் மிசூரி ஆற்றில் பயணத்தைத் தொடங்கியவர்கள், 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைத்தொடரைப் பசியோடு கடந்து இறங்கினார்கள். நெஸ் பெர்ஸ் மக்கள் சால்மன் மீனும் கிழங்கும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். காய்ந்த வயிற்றுக்கு அந்த உணவு ஒத்துக்கொள்ளாமல் பாதிப் பேர் நோயில் விழுந்தார்கள். அந்த நிலையில்தான் கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில் பாண்டரோசா பைன் மரங்களை வெட்டித் தோணி செய்யத் தொடங்கினார்கள். கோடரியால் குடைய உடம்பில் தெம்பில்லை. அடிமரத்தின் மேல் நெருப்பு மூட்டி, கரிந்த பகுதியைச் சுரண்டி எடுக்கும் நெஸ் பெர்ஸ் முறையைக் கைக்கொண்டார்கள். பத்து நாளில் நான்கு பெரிய தோணிகளும் ஒரு சிறிய தோணியும் தயார். அக்டோபர் 7 அன்று தண்ணீரில் இறக்கினார்கள்.

இப்படிச் செய்த தோணிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அடிமரத்தின் குறுக்களவு எவ்வளவோ அதற்குமேல் தோணியின் அகலம் போகாது. பக்கங்கள் செங்குத்தாகவே நிற்கும். அணியம், அதாவது முன்பக்கம், அலையைக் கண்டால் ஏறாது. நேராகக் குத்தி உள்ளே வாங்கிக்கொள்ளும். பச்சை மரம் என்பதால் கனமும் அதிகம். அதில் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிவிட்டால் விளிம்பு தண்ணீரோடு ஒட்டித்தான் இருக்கும். தண்ணீரில் இறக்கிய மறுநாளே ஒரு தோணி பாறையில் மோதிப் பிளந்து மூழ்கியது. நீந்தத் தெரியாதவர்கள் அதைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள்.

ஆனால் இவர்களைத் திறமையற்றவர்கள் என்று ஒதுக்குவது சரியில்லை. டாலஸ் பகுதியில் கொலம்பியா முழுவதும் சுமார் 40 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில் நுழைந்து கொதித்துக்கொண்டு ஓடியது. அக்டோபர் 24 அன்று கிளார்க்கும், குழுவின் தலைசிறந்த தோணிக்காரரான பியர் குருசாட்டும் பாறைமேல் ஏறி நின்று நீரோட்டத்தைப் பார்த்தார்கள். தோணிகளைத் தூக்கிச் சுமக்க வழியில்லை, உள்ளே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். மேலே கூடி நின்ற பூர்வகுடிகள் வியந்து பார்த்திருக்க, அத்தனை தோணியும் பத்திரமாக வெளியே வந்தன. குருசாட்டுக்கு ஒரு கண் பார்வை கிடையாது, இன்னொரு கண்ணும் மங்கல். பாறை, சுழி, வெள்ளை நுரை ஆகியவற்றைப் படித்துப் பழகிய கை அவருடையது. ஆற்றின் விரைவுக்கு இவர்கள் அஞ்சவில்லை.

அவர்களை நிறுத்தியது ஆற்றின் அகலமும் கடலும்தான். கழிமுகத்தில் கொலம்பியா ஆறு மட்டும் ஓடுவதில்லை. ஏற்றத்தின்போது கடல் உள்ளே ஏறுகிறது. வற்றத்தின்போது ஆற்று நீரும் கடல் நீரும் சேர்ந்து மேற்கே பாய்கின்றன. அந்த நேரம் பார்த்துத் தென்மேற்குக் காற்று எதிரே அடித்தால், ஓடும் நீர்மேல் அலை நெருங்கிச் செங்குத்தாக எழும்பி உடையும். மலையாற்றில் பழகியவருக்கு இந்த அலை புதிது. நவம்பர் 8 முதலே குழுவினர் சிலருக்குக் கடல் நோய் கண்டு வாந்தி. 10-ஆம் தேதியிலிருந்து அந்தப் பாறைக்கரையில் சிறை. மழை நிற்கவில்லை, தோல் உடைகள் உடம்பிலேயே நைந்தன. ஏற்றம் வரும்போதெல்லாம் மிதந்து வந்த மாபெரும் அடிமரங்கள் கரையை இடித்தன. தோணிகள் நொறுங்கிவிடாமல் இருக்க, கல்லை ஏற்றி அவற்றைத் தாங்களே தண்ணீருக்குள் அமுக்கி வைத்தார்கள். கடக்க வந்தவர்கள் தங்கள் தோணியைத் தாங்களே மூழ்கடிக்க வேண்டியிருந்தது!

11-ஆம் தேதி ஐந்து பேர் ஒரு தோணியில் வந்து இறங்கினார்கள். சினூக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கத்லாமெட் மக்கள். ஒருவர் மாலுமியின் மேற்சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தார். 1792-இல் ராபர்ட் கிரே இந்த ஆற்று வாய்க்குள் கப்பல் கொண்டுவந்ததற்குப் பிறகு வணிகக் கப்பல்கள் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தன. மீனை விற்றுவிட்டு அவர்கள் எட்டு கிலோமீட்டர் அகலம் என்று கிளார்க் கணித்த அந்த நீரை நேராகக் கடந்து போனார்கள். இவ்வளவு உயர்ந்த அலைமேல் இவ்வளவு சிறிய தோணி போய்த் தான் கண்டதில்லை என்றும், தோணி ஓட்டுவதில் இவர்களைவிடச் சிறந்தவர்களைப் பார்த்ததில்லை என்றும் கிளார்க் எழுதி வைத்தார்.

அந்தத் தோணி எப்படிப்பட்டது? லூயிஸ் 1806 பிப்ரவரி முதல் நாள் குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மரம் சிடார், இலேசானது, நேராகப் பிளவுபடுவது, எளிதில் அழுகாதது. பெரிய தோணிகள் 15 மீட்டருக்கும் மேல் நீளம். இருபது முப்பது பேரையோ நான்கு டன் அளவுச் சுமையையோ தாங்கும். உட்புறம் குடைந்து மெல்லிதாக்கிய பின், இந்தக் கரையோர மக்கள் உள்ளே தண்ணீர் ஊற்றிச் சூடான கற்களைப் போடுவார்கள். ஆவியில் மரம் இளகும். இளகிய பக்கங்களை விரித்துக் குறுக்குக் கட்டைகளைக் கொடுத்து நிறுத்துவார்கள். மனிதனின் மணிக்கட்டில் பாதிப் பருமனுள்ள அந்தக் கட்டைகளை விளிம்புக்குச் சற்றுக் கீழே துளையிட்டுக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள்.

இந்த விரிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடிமரத்தின் அகலத்தைத் தோணி தாண்டிவிடுகிறது. பக்கங்கள் மேலே போகப் போக வெளிப்புறம் சாய்வதால், தோணி ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத்தின் அகன்ற பகுதி நீரில் இறங்கித் தூக்கிப் பிடிக்கும். உயர்ந்து வளைந்த அணியம் அலையைப் பிளந்து ஏறும். இத்தனையையும் பழைய அரத்தைத் தீட்டிச் செய்த ஓர் உளியைக் கொண்டே முடித்தார்கள் என்று லூயிஸ் வியக்கிறார். இரும்புக் கோடரிகள் வைத்திருந்தவரின் வியப்பு அது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் தோணியை மாற்றினால் போதுமா? இதற்கும் அந்தக் கரையிலேயே விடை கிடைத்தது. மேலாற்றில் செலிலோ அருவிக்கருகே, தங்கள் சிறிய தோணியோடு ஒரு கைக்கோடரியையும் சில்லறைப் பொருள்களையும் சேர்த்துக் கொடுத்து லூயிஸ் ஒரு பூர்வகுடித் தோணியை வாங்கியிருந்தார். நவம்பர் 12 அன்று கிப்சன், பிராட்டன், வில்லார்ட் மூவரும் அதில் ஏறி, நீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த கரைமுனையைச் சுற்றிப் போகப் பார்த்தார்கள். அலை தன் இஷ்டத்துக்கு அவர்களைத் தூக்கி எறிந்தது, திரும்பி வந்துவிட்டார்கள். மறுநாள் கோல்ட்டர், வில்லார்ட், ஷானன் மூவரும் அதே தோணியில் புறப்பட்டு, இம்முறை போய்ச் சேர்ந்தார்கள். தோணி ஒன்றே, முனை ஒன்றே. முதல் நாளின் தோல்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முந்தைய நாள் கத்லாமெட்டுகள் துள்ளிக் கடந்த அதே நீரில், அவர்களுக்காகவே வடிவமைத்த தோணி புதியவர் கையில் பயனற்றுப் போனது.

அவர்களிடம் இல்லாதது எதுவென்று பயணக் குறிப்புகளே காட்டுகின்றன. கரையோர மக்களின் துடுப்பு ஒன்றரை மீட்டர் நீளம். ஒருவர் கடையாலில், அதாவது பின்பக்கத்தில், அமர்ந்து திசை பிடிக்க, மற்றவர்கள் இருவர் இருவராக மண்டியிட்டு, குதிகால்மேல் அமர்ந்து துடுப்புப் போடுவார்கள். இதனால் உடம்பின் பாரம் தோணியின் அடியோடு கிடக்கும். அலை வந்து ஒரு பக்கம் சரித்தால், காற்றடிக்கும் பக்கத்தில் இருப்பவர் மேலெழுந்த விளிம்பை நோக்கிச் சாய்ந்து, துடுப்பை ஆழமாக இறக்கி, நீரைப் பிடித்துத் தோணிக்கு அடியில் தள்ளுவார். அந்த ஒரே வீச்சில் தோணி நிமிரும், முன்னேயும் பாயும். பெண்களும் இதில் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. சிறு வயதிலிருந்து அந்த நீரில் வளர்ந்தவருக்கே இது கைவரும்.

குழுவினர் கடைசியில் கடந்தது வேறு வழியில். நவம்பர் 24 அன்று குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். கிளார்க்கின் அடிமை யார்க்கின் கருத்தும் ஷோஷோனி இனப் பெண் சக்காஜவேயாவின் கருத்தும் பதிவாயின. தென்கரையில் எல்க் மான் மிகுதி என்ற செய்தியைப் பூர்வகுடிகளே சொல்லியிருந்தார்கள். மறுநாள் நேராகக் கடக்க முயன்றார்கள், அலை விடவில்லை. வடகரையை ஒட்டியே ஆற்றில் மேலேறி, தீவுகள் அகலத்தைத் துண்டு துண்டாக்கும் இடம்வரை போய், 26-ஆம் தேதி அங்கே கடந்து, தென்கரையை ஒட்டி மீண்டும் கீழே இறங்கினார்கள். ஒகேனக்கல் பரிசல்காரர்கூடக் காவிரியில் கரையோரமாக மேலேறிப் போய்த்தான் ஓட்டத்தில் பரிசலை விடுவார். தன் தோணியின் எல்லை தெரிந்து எடுத்த முடிவு என்ற வகையில் குழுவினரின் வழியைப் பாராட்டலாம். ஆனாலும் கத்லாமெட்டுகள் ஒரே வீச்சில் போனதற்கு இவர்களுக்கு இரண்டு நாளும் பெரிய சுற்றும் தேவைப்பட்டன.

தென்கரையில் கட்டிய கிளாட்சொப் கோட்டையில் குளிர்காலத்தைக் கழித்து, 1806 மார்ச்சில் திரும்பும்போது குழுவுக்கு அந்தத் தோணிகளின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு கத்லாமெட் தோணிக்காக லூயிஸ் தன் சரிகைவைத்த இராணுவச் சீருடை மேலங்கியையே கொடுத்தார். அதற்குக் குறைந்து உரிமையாளர் இசையவில்லை. இன்னொன்றுக்குக் கொடுக்கப் பொருள் இல்லை. முன்பு அந்தக் கரையின் கிளாட்சொப் மக்கள் குழுவின் எல்க் இறைச்சியை எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் காரணமாக வைத்து, மார்ச் 18 அன்று அவர்களுடைய தோணி ஒன்றை எடுத்துவந்தார்கள். அந்த இறைச்சிக்கு ஈடாகக் கிளாட்சொப்பினர் பிப்ரவரியிலேயே நாய்களைக் கொண்டுவந்திருந்தார்கள். கிளாட்சொப் தலைவர் கோபோவே அன்று கோட்டைக்கு வந்திருந்ததால், தோணியை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். நான்கு நாள் கழித்து அதே கோபோவேயிடம் கோட்டையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். குளிர்காலம் முழுவதும் வந்து போய், நட்பாக நடந்துகொண்டவருக்கு இது பெரிய அநியாயம். இதைத் தேவை என்று சொல்லி மழுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2011-இல் கிளார்க்கின் வழித்தோன்றல்கள் அதேபோன்ற தோணி ஒன்றைச் செய்வித்து சினூக் மக்களிடம் கொடுத்தார்கள். கிளாட்சொப், கத்லாமெட் வழியினரும் அடங்கிய அந்த மக்களை 2001 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு தனிப் பழங்குடியாக அங்கீகரித்தது. 2002-இல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. லூயிஸ்–கிளார்க் பயணத்தை வீரக் கதையாகப் படிப்பவர்கள், தயவுசெய்து கிளார்க்கின் நவம்பர் 11, 12 குறிப்புகளையும் லூயிஸின் பிப்ரவரி 1 குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். அந்த ஆற்றைக் கடக்கத் தெரிந்தவர்கள் யார் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.